இடப்பக்க ஓரம்

மலையடிவாரத்து மடத்தில் பாடம் சொல்லும் சாமிக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடர் சைலப்பனுக்கு அறுபத்து மூன்று. சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சைலப்பனும் வயது வித்தியாசம் பார்க்காமல் எதிரே கைகட்டித்தான் உட்காருவார். கைதான் கட்டியிருக்கும், வாய் சும்மா இருக்காது.

மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகலில் மடத்தில் வாசகர்கள் கூடுவார்கள். புதிதாகப் படித்த நாவலையோ தத்துவப் புத்தகத்தையோ பற்றி ஆளுக்குக் கொஞ்சம் பேச வேண்டும். முதலில் பேசுவது எப்போதும் சைலப்பன்தான். மின்வாரியத்தில் இருந்தவர், எங்கே பழுது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்று கூட்டத்தில் அவரைக் கேலி செய்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்தது அவருடைய நண்பர் குற்றாலிங்கத்தின் முறை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுந்து நின்று, "சைலப்பன் சொன்னதுதான் எனக்கும்" என்பார். உட்கார்ந்துவிடுவார்.

இருவருக்கும் சேர்த்து ஒரே பிரதிதான் வாங்குவார்கள். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம் அது. சைலப்பன் முதலில் படித்து, இடப்பக்க ஓரத்தில் தன் கருத்தைப் பென்சிலால் எழுதுவார். பிறகு புத்தகம் குற்றாலிங்கத்திடம் போகும். அவர் வலப்பக்க ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். படித்து முடித்த புத்தகங்கள் சைலப்பன் வீட்டு அலமாரியில் இருந்தன.

ஐப்பசி மழையில் காய்ச்சலாகப் படுத்த குற்றாலிங்கம் எழுந்திருக்கவில்லை. நான்கே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த மாதக் கூட்டத்தை அவருடைய நினைவுக் கூட்டமாக வைப்பது என்று முடிவாயிற்று. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள் கல்யாணி, சைலப்பனைத் தேடி வந்தாள்.

"மாமா, அப்பா வீட்டுல எதுவுமே பேச மாட்டாங்க. எந்நேரமும் புஸ்தகந்தான். படிச்சதப் பத்தி என்ன நெனச்சாங்கன்னு ஒங்களுக்கு மட்டுந்தான தெரியும்? கூட்டத்துல அதச் சொல்லுங்க. அதக் கேக்கதுக்குத்தான் லீவ நீட்டிட்டு இருக்கேன்."

"சொல்லுதேன் தாயி. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் சைலப்பன்.

அவள் போனதும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். காப்பி ஆறிப்போனது. ஒரு வரிகூட வரவில்லை. வந்த வரிகளெல்லாம் அவருடைய சொந்த வரிகளாகவே இருந்தன.

மறுநாள் மடத்துக்குப் போனார்.

"சாமி, குத்தாலிங்கத்தப் பத்திப் பேசணும். ஒண்ணும் ஓட மாட்டேங்கு."

"கடைசியா படிச்ச தத்துவப் புஸ்தகத்தப் பத்தி அவங்க என்ன சொன்னாங்க அண்ணாச்சி?"

"பற்றுங்கது வெறும் பழக்கந்தான், பழக்கத்த மாத்துனா பற்று தானா உதிந்துரும்னு..."

"அது நீங்க சொன்னது. நானும் இங்கதான இருந்தேன்."

"அவனும் ஆமான்னுதான சொன்னான்?"

சாமி சுவரில் தொங்கிய நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்தார். அதை நீளவாக்கில் மடித்து நீட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் எழுதி வச்ச புஸ்தகங்கள்ல இடப்பக்க ஓரத்த இத வச்சு மறைச்சுக்கிட்டுப் படிங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

சைலப்பனுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து முதல் புத்தகத்தை எடுத்தார். தாளை வைத்தார். வலப்பக்கம் 'ஆமாம்' என்று இருந்தது. பக்கத்தைப் புரட்டினார். 'சரி.' இன்னும் நாலு பக்கம் தள்ளி, 'நீர் சொல்வது உண்மை.' அடுத்த புத்தகத்திலும் அதே ஆமாம், அதே சரி. எதற்கு ஆமாம் என்று பார்க்கத் தாளை நகர்த்தினால் அங்கே அவருடைய கையெழுத்து முழங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் இப்படியே போயிற்று. அறுபதுக்கு மேல் புத்தகம் பார்த்துவிட்டார். நண்பனின் ஆமாம்களைத் தவிர அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த மனுஷனைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் ஒரு நாவல் கையில் அகப்பட்டது. அணை கட்டுவதற்காக ஊரைக் காலி செய்யும் ஜனங்களைப் பற்றிய நாவல். அதில் வலப்பக்கமெல்லாம் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

அவருக்கு ஞாபகம் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண்ணில் அறுவை. ஒரு மாதம் எழுத்தைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு புத்தகம்தான் முதலில் குற்றாலிங்கத்திடம் போய், பிறகு இவரிடம் வந்தது.

இடப்பக்கத்தை மறைக்கவும் மறந்து படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு முகம் சிறுத்துப்போனது. அழிப்பானைத் தேடி எடுத்தார். அந்தப் புத்தகத்தில் தான் எழுதியது அத்தனையையும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அழித்தார்.

சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனார்.

"கிடைச்சிட்டு சாமி."

சாமி புத்தகத்தை வாங்கி, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். நாவலில் ஒரு தாய் வீட்டைக் காலி செய்துவிட்டுப் புறப்படும் இடம். வலப்பக்கம் குற்றாலிங்கத்தின் கையெழுத்து. சாமி அதை வாய்விட்டுப் படித்தார்.

'தண்ணீருக்குள் போகப்போகிற வீட்டை இவள் ஏன் பூட்டுகிறாள்? எனக்குத் தெரியும். கல்யாணி கோயம்புத்தூர் பஸ் ஏறிய அன்று அவள் அறையை நானும் பூட்டினேன். திறந்து கிடந்தால் அவள் இல்லாதது தெரிந்துபோகும்.'

வெளியே யாரோ கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள்.

"பற்று பழக்கம்னு நான் பேசுனப்போ, இத எழுதுன மனுஷன்தான் பக்கத்துல உக்காந்து ஆமாம்னு தலையாட்டியிருக்கான்" என்றார் சைலப்பன்.

சாமி பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். இடப்பக்க ஓரம் தேய்ந்து, தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

சைலப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் எழுதினதுதான்."

"என்ன எழுதியிருந்தீங்க?"

"'நாவலைப் பற்றி மட்டும் எழுதும். உம்முடைய வீட்டுக் கதை இங்கே எதற்கு?'ன்னு எழுதியிருந்தேன்."

"மத்த பக்கங்கள்ல?"

"மேலோட்டம். தவறு. திரும்பப் படியும். இப்படித்தான் சாமி. வரிசையா எழுதி வச்சிருக்கேன், வாத்தியாரு கணக்கா."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அடுத்த புஸ்தகம் வந்தப்போ எங் கையில கொடுத்து, 'நீரே மொதல்ல படியும்வே, நீர் படிச்சாத்தான் எனக்குப் புரியும்'னான். எனக்கு அன்னைக்கு அது பெருமையா இருந்துச்சு. ஒரு வாரம் வீட்டுல அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

சாமி புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்குக் கூட்டத்துல நான் பேசப் போறதில்ல சாமி. நான் இதுவரைக்கும் பேசுனதே போதும். இத அப்படியே கல்யாணி கையில குடுத்துருவேன். அவ அப்பா பேசுனத அவளே படிச்சுக்கிடட்டும். நான் எழுதின கழிசடையெல்லாம் போயாச்சு. இப்ப புஸ்தகம் சுத்தமா இருக்கு."

"குடுங்க. நல்லதுதான்."

சைலப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழப்போனார். சாமி மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ஆனா அழிச்சத எல்லாம் திரும்ப எழுதிட்டுக் குடுங்க அண்ணாச்சி."

சைலப்பன் திகைத்துப்போனார்.

"அது எதுக்கு சாமி? செத்துப்போன தகப்பன நெனச்சு அழுதுக்கிட்டு இருக்கிற பிள்ள. அதப் பாத்தா அவளுக்கு மனசு நோவாதா? பொறவு என் மொகத்துல முழிப்பாளா?"

"இவ்வளவு எழுதத் தெரிஞ்ச எங்கப்பா, அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் ஏன் சொந்தமா ஒரு வரிகூட எழுதலைன்னு அந்தப் பிள்ள கேக்கும்" என்றார் சாமி. "அதுக்குப் பதில் அந்தப் புஸ்தகத்துலதான் இருந்துச்சு."