சுத்த சைவக் கிளிமீனும் சங்குக்குள் முப்பது பேரும்

பாம்பன் பக்கத்துக் கடலடியில் ஒரு செத்த சங்கு கவிழ்ந்து கிடந்தது. அதன் உள்ளே குழலி என்ற புழு மாதிரிக் குட்டிக் கடல் உயிரும் அவள் கூட்டமும் குடியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எள்ளளவுதான் உடம்பு. முகத்தில் ஊறும் பசையைப் பூசிப் பூசி ஆளுக்கொரு குழாய் வீடு கட்டியிருந்தார்கள். முப்பது வீடும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தெருவாக இருந்தது. வாசலில் வந்து இறகு மாதிரிக் கைகளை விரித்தால் போதும், சாப்பாட்டைத் தண்ணீரே கொண்டுவந்து கொடுக்கும்.

ஒருநாள் பச்சைக் கிளிமீன் தணிகாசலம் அந்தப் பக்கம் வந்தார். "நான் சுத்த சைவம்! பாசியைத் தவிர எதையும் தொடமாட்டேன்!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிற ஆள். அன்றைக்குப் பார்த்து எந்தப் பாறையிலும் பாசி இல்லை. வயிறு கபகபவென்று எரிந்தது. குனிந்து சங்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடடே! இளம் பாசி!"

குழலிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அண்ணே, நாங்க பாசி இல்ல! எங்களுக்கு வாய் இருக்கு, வயிறு இருக்கு! உங்களுக்கு இருக்கிற மாதிரியே தொண்டையில செவுள் துளைகூட இருக்கு! ஒருவகையில பார்த்தா நாம தூரத்துப் பங்காளிங்க!"

"பங்காளியா? முதுகெலும்பு உள்ள எனக்கு நீ பங்காளியா? வாயைக் கழுவு! இருந்த இடத்தைவிட்டு நகராம, தண்ணிக்கு ஆடிக்கிட்டு இருக்கிறது எல்லாம் பாசிதான்."

"நாங்க நகருவோமே!" குழலி வீட்டைவிட்டு வெளியே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நகக்கண் தூரம் ஊர்ந்து காட்டினாள்.

"அது தண்ணி தள்ளினது!" என்றார் தணிகாசலம். பசிக்கு எந்தச் சாட்சியும் எடுபடாது, பாருங்கள்!

வாயைப் பிளந்தபடி சங்குக்குள் முட்டினார். பாதி உடம்பு நுழைந்தது. அப்புறம் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை! குழலிக்கும் அவர் பல்லுக்கும் நடுவே ஒரு நண்டுக்கால் இடைவெளி. வெளியே அவருடைய பச்சை வால் மட்டும் தண்ணீருக்கு ஆடியது.

அந்த நேரம் பார்த்துக் கண் மங்கின பேராமை ஒருவர் புல் மேய்ந்துகொண்டே வந்தார். அவரும் சைவம்தான்.

"பச்சையா இருக்கு. ஆடுது, ஆனா நகரல. புல்லுதான்!" என்று சொல்லி வாலைக் கவ்வினார்.

"ஐயோ! நான் மீன்!" தணிகாசலம் அலறியது சங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. "குழலி! ஏ குழலி! நான் மீனுன்னு அவர்கிட்ட சொல்லும்மா!"

"சொல்றேன். முதல்ல நாங்க யாருன்னு நீங்க சொல்லுங்க!"

"பங்காளி! பங்காளி! உடன்பிறப்பு மாதிரி!"

குழலிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் அவர் கண் பிதுங்கி நிற்பதைக் கிட்டத்தில் பார்க்கப் பாவமாக இருந்தது. போதாததற்கு, ஆமை வாலைத் தின்றுவிட்டுப் போனால் மிச்சம் இவர்கள் வாசலில் கிடந்து நாறுமே!

"எல்லாரும் சேர்ந்து கத்துங்கடி!" என்றாள்.

"மீனு! மீனு!" என்று முப்பது பேரும் வெளியே கேட்கிற மாதிரி ஒரே குரலாகக் கத்தினார்கள்.

"மீனா! சீச்சீ!" வாய் நிறைய வாலோடு குழறிய பேராமை பதறிப்போய்ப் பின்னால் துள்ளினார். கவ்விய வாலை விட மறந்துவிட்டார். அந்த இழுப்பில் தணிகாசலம் வெளியே வந்து விழுந்தார். வால் நுனியில் ஒரு கடி மட்டும் குறைந்திருந்தது.

இப்போதெல்லாம் அந்தச் சங்கைத் தாண்டும்போது தணிகாசலம் நின்று, "பங்காளி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

தன் பசிக்குத் தோதாக அடுத்தவருக்குப் பெயர் வைக்கிறவர், அதே பெயர் தன் தலையில் விழும்போதுதான் உண்மையைப் பேசுவார்.