அரசர் துடைத்த முகம்

ஆனைவேலி என்றொரு நாடு. அதை ராஜகம்பீரன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலம் அது. எந்தக் காலம் என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் எனக்குக் கதை மறந்துபோகும்.

ராஜா நல்லவர்தான். ஆனால் நினைத்தால் நினைத்த மாதிரி ஆடுகிறவர், போதாக்குறைக்குக் கண்ணாடியில் அழகு பார்க்கிற பித்து வேறு. ஒரு வருஷம் ஊரில் அம்மை வார்த்தது. பிழைத்தவர்கள் முகமெல்லாம் தழும்போடு எழுந்து நடமாடினார்கள். அந்த முகங்களைக் கண்டாலே ராஜாவுக்கு நடுக்கம். தளவாய் சூரக்கோன் இதைக் கவனித்துவிட்டு ஓர் ஆணையை எழுதிக்கொண்டு வந்தான். தழும்பு விழுந்தவர்கள் எல்லோரும் ஆற்றுக்கு மறுகரை போய்விட வேண்டும், திரும்பி வந்தால் தலை போகும். இனி அவையில் தழும்பு முகத்தைக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கும் மறுகரைதான். ராஜா படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.

தளவாய்க்கு ஏன் இவ்வளவு அக்கறை? அவைக் கோமாளி அங்கப்பனுக்கும் அந்த வருஷம் அம்மை போட்டு இறங்கியிருந்தது. தளவாய் அவையில் தன் போர்ப் பெருமையை ஆரம்பித்தால் போதும், அங்கப்பன் லேசாக ஒரு கனைப்புக் கனைப்பான், அவை முழுக்கச் சிரிக்கும். அந்த வயிற்றெரிச்சல்தான், வேறென்ன?

அங்கப்பன் மறுகரை போய் ஆறு வருஷம் ஆயிற்று. பெண்டாட்டி பவளாயி இந்தக் கரையில். மத்தியானம் துணி துவைக்க வருகிற சாக்கில் அவள் படித்துறையில் நின்று கூப்பிடுவாள், அவனும் கத்திப் பதில் சொல்லுவான். ஆற்றில் வெள்ளம் வந்தால் குரல் எட்டாது. தூரத்தில் கை அசைவது மட்டும் தெரியும். பிறகு அவன் குடிசைக்குப் போய்த் தனியாகப் பொங்கித் தனியாகத் தின்பான். ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு ஒரு கவளம் சோறு இறங்காது. பாவம், அழுதுவிடுவான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்ததும் அரண்மனை முற்றத்தில் அவை கூடிப் பகல் கூத்து நடக்கும். நன்றாக ஆடியவனின் அரிதாரத்தை ராஜாவே தன் மேலாடையால் துடைத்துவிட்டு, வாயில் வெற்றிலை கொடுப்பார்.

"இந்த வருஷம் நாம போய் ஆடுவோம்" என்றான் அங்கப்பன்.

"பிடிபட்டா தலை போயிடும்ப்பா" என்றான் கூட இருந்த நெசவாளி ஒச்சன்.

"போனாப் போகட்டும். இங்க இந்தத் தலையை யாரு பாக்குறா?"

அரிசி மாவும் அரிதாரமும் குழைத்துக் குழி தெரியாமல் பூசிக்கொண்டார்கள். விடியுமுன் ஆற்றைக் கடந்து, வெளியூர்க் கூத்தாடிகள் என்று சொல்லி முற்றத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

நடுவில் ஒரு நீலத் துணியை விரித்தார்கள். அதுதான் ஆறு. இந்தப் பக்கம் பெண் வேஷத்தில் ஒச்சன், அந்தப் பக்கம் புருஷனாக அங்கப்பன்.

"அடியே, உப்புச் சட்டியை எங்கடி வெச்சே?"

"ஆறு வருஷமா இதையேதான்யா கேக்குறே. உப்பு இந்தக் கரையில, நீ அந்தக் கரையில!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். உப்பில் ஆரம்பித்த சண்டை மாமியார் வரைக்கும் போயிற்று. ராஜாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஏனப்பா, இப்படிக் கத்துவானேன்? ஒரு படகு ஏறிப் போக வேண்டியதுதானே?" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. யாரோ ஒரு பெண் விசும்பினாள். அவள் மகன் மறுகரையில் இருந்தான். பக்கத்தில் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எனக்கும் ஆசைதான், அரசே. எங்கள் ராஜாவின் ஆணை விடமாட்டேன் என்கிறதே" என்றான் அங்கப்பன்.

"எந்தக் கிறுக்குப் பிடித்த ராஜா அவன்?"

கூத்து முடிந்தது. ராஜா எழுந்து வந்து தன் பட்டு மேலாடையால் அங்கப்பனின் கன்னத்தைத் துடைத்தார். ஒரு தழும்பு தெரிந்தது. இன்னொரு இழுப்புக்கு முகமே தெரிந்துவிட்டது. ராஜாவின் கை அப்படியே நின்றது.

"அங்கப்பனா! ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறான், தலையை எடுங்கள்" என்று பாய்ந்தான் தளவாய்.

"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், தளவாயே. ஒரே ஒரு சந்தேகம். நான் பூசிய முகத்தோடுதான் அவைக்கு வந்தேன். தழும்பை இந்த அவைக்குக் காட்டியது யார்?"

தளவாய் ராஜாவின் கையிலிருந்த மேலாடையைப் பார்த்தான்.

"யாராக இருந்தாலும் மறுகரை என்று எழுதியது நீங்கள்தானே? அரசர் கவலைப்பட வேண்டாம். என் குடிசை இனிக் காலியாகத்தான் இருக்கும்."

ராஜா திரும்பினார். "தளவாயே, உன் ஆணை சரியா, தவறா?"

சரி என்றால் ராஜா படகேற வேண்டும். தவறு என்றால் எழுதிய கை மாட்டிக்கொள்ளும்.

அவன் பதிலுக்குக் காத்திராமல் ராஜா, "படகைக் கொண்டு வா" என்றார்.

மறுகரையில் அவர் தெருத்தெருவாக நடந்தார். எந்த வீட்டைப் பார்த்தாலும் வாசல் ஆற்றைப் பார்த்தே இருந்தது. ஏன் என்று ஒரு சிறு பெண்ணைக் கேட்டார். "அந்தப் பக்கம்தானே எங்க வீடு இருக்கு" என்றாள் அவள். அங்கேயே ஆணையைக் கிழித்துப் போட்டார். அங்கப்பனை மறுபடி அவைக்கு அழைத்தார். மூன்று நாள் தளவாய்தான் படகு வலித்தான். திரும்பி வந்தவர் ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கிவிட வேண்டும் என்பது ராஜாவின் கட்டளை. முதல் நாள் முகத்தைச் சுளித்தான், மூன்றாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அங்கப்பன் வீட்டுக்குப் போனான். பவளாயி இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு, அந்த நாட்டு வழக்கப்படி அடுப்படி ஓரமாகப் போய் நின்றாள். புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்டாட்டி உட்காருவாள்.

அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஏன், குழம்பு பிடிக்கலையா?"

"ஆறு வருஷம் தனியாத் தின்னவன்டி நான். எனக்கு அது போதும். நீயும் இலையைப் போட்டு எதிரே உட்காரு."

அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். வாருங்கள், நாம் கிளம்புவோம். அவர்கள் இரண்டு பேரும் சாப்பிடட்டும்.