ஓடையைத் தாண்டிய கம்பி

மலைச்சரிவில் இருந்த அந்த ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

சீடர் ஏகாம்பரம் மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். அவரோ ஏகாம்பரத்தை ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

ஆசிரமத்துக் கூரையில் சூரியத் தகடுகள் இருந்தன. ஓடைக்கு அக்கரையில் ஒரு முதியோர் இல்லம். அங்கே ஓடைத் தண்ணீரில் சுழலும் சின்ன டர்பைன். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. பகலில் இங்கிருந்து மின்சாரம் போய் அவர்கள் கிரைண்டரைச் சுற்றும். இருட்டியதும் அங்கிருந்து வந்து இங்கே விளக்கெரிக்கும். அந்த வெளிச்சத்தில் காப்பித் தோட்டத்துப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

மேகம் மூடிய ஒரு பகலில் மின்சாரம் குறைந்தது. ஏகாம்பரம் பழைய வேலைப் பழக்கத்தில், தொலைவில் இருக்கும் இல்லத்து இணைப்பை முதலில் துண்டித்தார். அன்று இல்லத்தில் விருந்து நாள். கிரைண்டர் பாதி மாவோடு நின்றது. முன்னதாக ஆள் அனுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவருக்குத் தோன்றவில்லை. இல்லத்தை நடத்தும் ஜெபமணி சண்டைக்கு வரவில்லை. தன் பக்கத்து ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

அதிலிருந்து மாலை வகுப்புக்கு வெளிச்சம் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். அவர்களும் நின்றால் வகுப்பை மூட வேண்டியதுதான்.

பேட்டரி வாங்கிவிடலாம் என்றார் ஏகாம்பரம். பகலில் சேர்த்து மாலையில் எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வேறு வழிகளை அம்மா விசாரித்தார். ஜெனரேட்டர் வைத்தால் சத்தத்தில் பாடம் காதில் விழாது. வகுப்பைப் பகலுக்கு மாற்றினால் பெண்கள் தோட்டத்தில் இருப்பார்கள். தண்ணீர் மோட்டாரை மதியத்துக்கு மாற்றியாயிற்று. அப்படியும் மாலைக்கு மின்சாரம் கிடைக்கவில்லை.

"கம்பி?" என்றார் அம்மா.

ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார்.

"பேட்டரியா, கம்பியா, எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள் அம்மா."

அம்மா சமையலறையிலிருந்த பேட்டரி விளக்கை எடுத்து வந்தார்.

"இதைச் சார்ஜ் போடுங்கள். இன்றைய வகுப்பு இதில் நடக்கட்டும்."

அன்று பகல் முழுக்க மழை.

மாலையில் பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே விளக்கு மங்கியது. தோட்டத்துப் பெண் செல்லக்கிளி சிலேட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"எங்க மேஸ்திரி மாதிரியே இருக்கு அம்மா இந்த விளக்கு. சாயங்காலமானா சொக்கி விழுந்துடுது."

சிரித்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. மழை விட்டிருந்தது. ஓடை இரைந்தது. அக்கரையில் எல்லா ஜன்னல்களிலும் வெளிச்சம்.

"ஏன் ஐயா அணைந்தது?"

"பகலில் நாம் போட்டது அவ்வளவுதான் அம்மா. பெரிய பேட்டரி என்றால் இரண்டு நாள் தாங்கும்."

"மழை மூன்றாம் நாளும் பெய்தால்?"

ஏகாம்பரம் அணைந்த விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

"அங்கே?"

"ஓடை நிறைந்து ஓடுகிறது. அவர்கள் செலவழித்தும் மிஞ்சும்."

கட்டுப்பாட்டு அறையில் மின்சாரம் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அம்மா.

இருட்டில் ஏகாம்பரத்தின் குரல் தணிந்தது. ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் அவர் போனை எடுப்பாராம். அடுத்த மாநிலத்து அணை மின்நிலையத்தில் பௌலோஸ் என்று ஒருவர். மலையாளம் கலந்த தமிழ். பின்னால் எப்போதும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். இவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் பௌலோஸ், சாப்பிட்டாச்சா சார் என்று கேட்டுவிட்டுத்தான் எத்தனை மெகாவாட் வேண்டும் என்று கேட்பார். அவருக்கு வேண்டிவந்த நாட்களில் இவரும் அப்படியே கேட்டிருக்கிறார். எத்தனையோ வருஷம் பேசியும் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது எங்கே இருக்கிறாரோ. விளக்கு வைக்கும் நேரமானால் இன்றும் கை போனைத் தேடுகிறது என்றார்.

பெண்கள் சிலேட்டுகளை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா மூலையிலிருந்த குடையை எடுத்து ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தார்.

அவர் அக்கரையைப் பார்த்தபடி நின்றார்.

"பாதி மாவோடு நிறுத்தியவன் நான். போய் என்ன சொல்வது அம்மா?"

"சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்."