ஏழு கட்டில் காலி

"சிஸ்டர், உங்க ஆஸ்பத்திரிதான் கடைசி" என்றார் வேலாயுதம்.

அரசு மருத்துவமனைகள் கட்டிலையும் ஆட்களையும் எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகின்றன என்று அளந்து மார்க் போடுவது அவர் உத்தியோகம். சந்தேகம் வந்தால் ஸ்டெல்லா சிஸ்டரிடம்தான் ஓடி வருவார். சிஸ்டர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருந்தாலும் சிஷ்யன் இவர்தான். அதில் இவருக்கு வெட்கமும் கிடையாது.

"பத்துக் கட்டில்ல ஏழு காலி. பக்கத்து ஊர்ல ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர். அங்க மார்க் கொட்டுது. உங்க கிராம நர்சுங்க ரெண்டு பேரையும் அங்க மாத்தச் சொல்லி எழுதணும். எனக்கே மனசு வரல. என்ன பண்ணட்டும்?"

சிஸ்டர் பையையும் குடையையும் எடுத்தார்.

"வாங்க, நம்ம நோயாளிகளைப் பாத்துட்டு வருவோம்."

வார்டு உள்ளே இருந்தது. சிஸ்டர் தெருவில் இறங்கி நடந்தார்.

கடலைக்காட்டில் ஒருவர் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இவரு நாலாம் நம்பர்."

வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, கட்டில் நம்பர்தான். அந்தப் பழக்கம் காட்டுக்கு வந்தும் சிஸ்டரை விடவில்லை.

"சர்க்கரைப் புண்ணு. நாலாம் கட்டில்ல படுத்திருக்க வேண்டியவரு. நர்சு தினம் வீட்டுக்கே போய்க் கட்டுப் போட்டா. கால் தப்பிச்சுது."

குழாயடியில் ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது ஏழாம் நம்பர். மாசமா இருந்தப்ப பிரஷர் ஏறினதை நர்சு வீட்டுலயே கண்டுபிடிச்சா. இப்பப் பாருங்க, என்னா தெம்பு!"

வேலாயுதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேட்டுத் தெருவில் சிஸ்டருக்கு முன்னால் ஏறினார்.

"எட்டாம் நம்பர் யாரு சிஸ்டர்?"

சிஸ்டர் அவர் காலைப் பார்த்தார். செருப்பு வாருக்கு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. மூச்சும் வாங்கியது.

"கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?"

"ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரியெல்லாம் அளக்கிறவன் நான். எனக்கு ஏது நேரம்?"

சிஸ்டர் அவரை ஒரு கல்லில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்று எண்பது.

வேலாயுதத்துக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"எட்டாம் கட்டில்ல படுத்துக்கணுமா?"

"வேண்டாம். இப்பவே வந்து டாக்டரைப் பாத்து மாத்திரை வாங்கிக்கங்க. உங்க குவார்ட்டர்ஸ் நம்ம எல்லைதான். இனிமே வாராவாரம் நர்சு வீட்டுக்கே வந்து பாத்துக்குவா."

"எந்த நர்சு?"

"நீங்க மாத்தி எழுதப்போற ரெண்டு பேர்ல ஒருத்தி."

வேலாயுதம் கல்லிலிருந்து எழுந்தார். சிஸ்டர் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

"மாத்திட்டீங்கன்னா சொல்லுங்க சார். கட்டிலை விரிச்சு வைக்கிறேன், வந்து படுத்துக்கங்க. எங்களுக்கும் மார்க் ஏறும்."