கரடியின் கடைவாய்ப் பல்

ஒரு காட்டில், தேன் என்றால் உயிரையே விடும் கரடி ஒன்று இருந்தது. தின்றபின் வாய் கொப்பளிக்க மட்டும் அதற்குச் சோம்பல். அதன் கடைவாய்ப் பல் வேர்வரை அழுகிப்போயிற்று.

வலி பொறுக்காமல் அது பல் வைத்தியரான மரங்கொத்தியிடம் ஓடியது. மரங்கொத்தி பல்லில் துளையிட்டு, அலகு எட்டிய மட்டும் சுரண்டி எடுத்தது. வேரின் வளைவுக்குள் இன்னும் கிருமிகள் இருப்பதாகவும், மறுநாளும் வந்தால்தான் துளையை அடைக்க முடியும் என்றும் சொன்னது. பிறகு ஒரு சுரைக்குடுக்கை நிறையக் கசப்புக்கொடிச் சாற்றைக் கொடுத்தது.

"வலி நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர், கரடியாரே. குடுக்கை காலியாகும்வரை வேளை தவறாமல் குடியும்."

கரடி இரண்டு வாய் குடித்தது. வலி பறந்தது. மறுநாள் பாறையிடுக்கில் புதிய தேனடை கண்ணில் பட்டது. பிறகு வைத்தியராவது, மருந்தாவது! துளையில் தானே தேன்மெழுகை அப்பிக்கொண்டு கிளம்பிவிட்டது. வழியில் மரங்கொத்தி விசாரித்தபோது, சாற்றை முழுவதும் குடித்துவிட்டதாகவும் பல் இரும்பாக இருப்பதாகவும் கூசாமல் புளுகியது. வைத்தியரையே ஏமாற்றிவிட்டோம் என்று அதற்கு ஒரே குஷி.

அதன்பின் பல் முணுமுணுக்கும்போதெல்லாம் ஒரு சொட்டு நக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சொட்டுக்கும் நோஞ்சான் கிருமிகள் செத்தன. முரட்டுக் கிருமிகள் பிழைத்துப் பெருகின. அவற்றின் பிள்ளைகள் இன்னும் முரடாயின.

ஒரு நாள் காலை கரடியின் கன்னம் வீங்கி, ஒரு கண்ணே மூடிக்கொண்டது. பயந்துபோய் மிச்சச் சாற்றை ஒரே மூச்சில் வாயில் கவிழ்த்தது.

பல்லுக்குள்ளிருந்து சன்னமான குரல் ஒன்று வந்தது.

"இவ்வளவுதானா? சொட்டுச் சொட்டாக ஊட்டி நீர் பழக்கிய பிள்ளைகள் அல்லவா நாங்கள்? இன்னும் கொஞ்சம் ஊற்றும்."

கரடி மரங்கொத்தியிடம் போய் உண்மையைக் கக்கியது. பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. யானை வந்து தும்பிக்கையால் பிடித்து இழுத்தது. கரடி போட்ட கூச்சலில் காடே கிடுகிடுத்தது. பல் போனது, உயிர் தப்பியது.

ஆனால் கரடி கடித்துப் போட்ட பழத்தை முள்ளம்பன்றி தின்றிருந்தது. சில நாளில் அதுவும் தாடையைப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் வந்தது. அந்த அப்பாவி, சொன்னபடியே சாற்றைக் கடைசிச் சொட்டுவரை குடித்தது. வலியோ துளியும் குறையவில்லை.

"ஒரு வேளைகூட நான் தவறவில்லையே, வைத்தியரே. எனக்கு ஏன் மருந்து கேட்கவில்லை?" என்று அது அழுதது.

மரங்கொத்தி, பல் பிடுங்கிய புண்ணைக் காட்ட வந்திருந்த கரடியைத் திரும்பிப் பார்த்தது. கரடி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மெல்ல ஒரு மரத்தின் பின்னால் நகர்ந்தது.

நீதி: மருந்தைப் பாதியில் விடுபவன் நோய்க்குப் பலம் ஊட்டுகிறான், அந்த நோய் அவனோடு நிற்பதில்லை.