மாஸ்டர் எப்போது நிறுத்தினார்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. இசை படித்தவர்கள் சிரிக்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

“எவ்வளவு நேரம் கையை எடுக்கணும் மாஸ்டர்? அதை மட்டும் சொல்லிடுங்க.”

கேட்டவள் பெரம்பூர் எப்சிபா. வெகுகாலம் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவள். அங்கே பாட்டுக்கு நடுவில் வாத்தியம் நின்றால் சபையே இருமத் தொடங்கிவிடும். போதகர் திரும்பிப் பார்ப்பார். அதனால் எங்கே இடைவெளி தெரிந்தாலும் விரலால் அடைத்துவிடுவாள்.

இப்போது ஒரு ஹோட்டலின் ஜாஸ் குழுவில் அவளுக்கு பியானோ. இந்த வயதில், தானாகப் போய்க் கேட்டு வாங்கிய ஒரே இடம்.

குழுவை நடத்தும் சாக்ஸபோன்காரர் ரொசாரியோ கடைசியாகச் சொல்லிவிட்டார்.

“அம்மா, இது பந்தி இல்ல, காலி இலையைக் கண்டதும் சோறு போட. சனிக்கிழமையும் இப்படித்தான்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அதைச் சரிசெய்ய அவள் பாடம் கேட்க வந்த லியாண்டர் மாஸ்டர் அவளைவிட ரொம்ப இளையவர். ஆள் உயர பேஸ் என்ற தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

“வாசிங்கக்கா. நானும் கூட வரேன்.”

வாசித்தாள். ஒரு இடம் விடாமல், மூச்சு முட்ட வாசித்தாள்.

“எப்படி மாஸ்டர்?”

திரும்பினாள். பேஸ் சுவரில் சாய்ந்திருந்தது. மாஸ்டர் வாசலில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

“எப்ப நிறுத்தினீங்க?”

“நீங்கதான் சொல்லணும்.”

அவள் முகம் சுண்டிவிட்டது.

“இன்னொரு தடவை,” என்றாள்.

அந்தத் தடவையும் தவறவிட்டாள். அதற்கடுத்த தடவையும்.

“போதும்க்கா. மழை இருட்டிக்கிட்டு வருது.”

“நீங்க வேணா கிளம்புங்க. கண்டுபிடிக்காம நான் எழுந்திரிக்கறதா இல்ல.”

“நான் கிளம்பிட்டா எதைக் கண்டுபிடிப்பீங்க?”

அவள் சிரிக்கவில்லை.

“அப்ப நீங்களும் நில்லுங்க.”

மழை வந்தது, கொட்டியது, ஓய்ந்தது. ஒரு வரி முடிந்த இடத்தில் எப்சிபாவின் கை அந்தரத்தில் நின்றது.

“இப்ப! இப்பதான நிறுத்தினீங்க?”

“நிறுத்தி நாழியாச்சு,” என்றார் மாஸ்டர். “ஆனா, நின்னது காதுல விழுந்துடுச்சே.”

சனிக்கிழமை. ஹோட்டலில் தட்டுச் சத்தம், பேச்சுச் சத்தம். ரொசாரியோ ஒரு வரியை ஊதி முடித்தார்.

எப்சிபா கையை எடுத்தாள்.

யாரும் இருமவில்லை.

பக்கத்தில், அடுத்த வரிக்காக ரொசாரியோ மூச்சை இழுப்பது கேட்டது. இத்தனை நாள் அருகிலேயே உட்கார்ந்தும் அவள் கேட்டிராத சத்தம்.

விரல்கள் துறுதுறுத்தன. அவற்றை நம்ப முடியாது.

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.