ஒரே கையின் இரண்டு சம்மதம்

கடலும் வானமும் ஒரே சாம்பலாய்க் கரைந்து, எது அலை எது மேகம் என்று தெரியாமல் போகிற பிற்பகல் ஒன்று எல்லாக் கரைக்கும் வாய்க்கும். முத்துக்கரைக்கும் வாய்த்தது.

மீனவர் சங்க அறையில் செலின் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கடலிலுள்ள படகெல்லாம் அதில் வெளிச்சப் புள்ளிகள்; அவற்றைப் பார்த்துப் பாறையில் மோதாமல் படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் வழி சொல்வது அவள் வேலை. படகுகள் அனுப்பும் சமிக்ஞை போய்ச் சேர்வதோ, எங்கோ தூரதேசத்தில் வாடகைக்குப் பிடித்த கிளவுட் கணினிகளில். கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏ.ஐ. ஏஜென்ட். அது எதையும் படிக்கலாம், புதிதாய்ச் சேர்க்கலாம். அழிப்பதென்றால் மட்டும் செலினும், அவளோடு வேலை பார்க்கும் பெரியவர் கஸ்பாரும் ஆளுக்கொரு ரகசிய எண்ணைப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். சங்கத்தின் விதி அது.

அன்று கஸ்பார் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்டார்.

"நீ வேற, நான் வேறயா தாயி? அவசரம்னா என் நம்பரையும் நீயே போட்டுக்க. அங்க கூப்பிட்டு என் உயிரை வாங்காத" என்று எண்ணைச் சொல்லிவிட்டு, போனையும் அணைத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் காற்று எழுந்தது. பயந்த படகுகள் விடாமல் சமிக்ஞை அனுப்ப, கணினியில் இடம் நிறைந்துபோனது. புதுச் சமிக்ஞை பதியாமல், தண்ணீருக்குள் இறக்கிய விளக்குகள்போலப் புள்ளிகள் ஒவ்வொன்றாய் மங்கின. செலினுடைய தம்பி இன்னாசியின் புள்ளியும் மறைந்தது.

"பழைய பதிவை அழிச்சிரு. இடம் கிடைக்கும்" என்றாள்.

"அதில் என்னென்ன இருக்கிறதென்று நான் பார்த்து முடிக்கவில்லை. வேறு இடம் கேட்டிருக்கிறேன். கிடைக்க நேரமாகும்" என்றது ஏஜென்ட்.

"அதுக்குள்ள அவன் பாறையில மோதிருவான்."

தன் எண்ணைப் போட்டாள். அடுத்து கஸ்பாருடையதை. விரல்கள் வேறு யாருடையவோபோல மெல்ல நகர்ந்தன.

"இரண்டு எண்ணும் சரி. ஆனால் கஸ்பாருடையதும் உங்கள் இருக்கையிலிருந்தே வந்திருக்கிறது. இது ஒருவரின் சம்மதம். அழிக்க மாட்டேன். அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்."

"உனக்குத் தம்பி இருக்கானா?"

"இல்லை."

புது இடம் கிடைத்தபோது இன்னாசியின் படகு பாறையில் சிதறியிருந்தது. மிதவையைக் கட்டிக்கொண்டு அவன் கரையேறினான். வீட்டுக்கு இருந்த ஒரே படகு அது. அழியாமல் தப்பிய பழைய பதிவிலோ, அந்தக் காற்றில் காணாமற்போன வேறு மூன்று படகுகள், கணினி நிறையுமுன் கடைசியாய் நின்ற இடமும் பதிவாகியிருந்தது. அதை வைத்துத் தேடிப்போய் ஆட்களை மீட்டார்கள். அப்படியொன்று அதில் இருப்பது முன்பு யாருக்கும் தெரியாது.

நம்பி எண்ணைக் கொடுத்தார் கஸ்பார். தம்பிக்காக அதைப் போட்டாள் செலின். எண்கள் சரியாயிருந்தும் மறுத்தது ஏஜென்ட். கேட்பவரே, கரை சேர்ந்தவர்களைக் கணக்கில் கொள்ளாமல் சொல்லும்: இதில் யார் செய்தது சரி?

விடை: ஏஜென்ட் செய்ததே சரி. செலினைக் குறைசொல்ல நாவெழாது; தம்பி கடலில் தத்தளிக்கையில் எந்த அக்காளும் அதைத்தான் செய்வாள். அதனால்தான் இரண்டாவது எண். தன் ஆள் யாரும் கடலில் இல்லாத ஒருவர் கூட நின்று யோசிக்கட்டும் என்று. அந்த ஒருவராய் இருக்க வேண்டியவர் கஸ்பார்; எண்ணைக் கொடுத்து, போனையும் அணைத்துவிட்டுப் போனார், பிழை அவருடையது. ஆனாலும், சரியானது நடந்தது என்பதற்காக இன்னாசியின் படகு மிதந்து திரும்பிவிடவில்லை.